வாசனைக் குளியல் பொருள்களுக்கு இத்தனை விலை கொடுக்கலாமா?

நவராத்திரிக் கொலுவுக்குப் பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது நீங்கள் கேட்ட கேள்விக்கு, அன்று வந்தவர்களுக்கு வெற்றிலை பாக்கு கொடுக்கும் அவசரத்தில் அரைகுறையாகத்தான் பதில் சொல்ல முடிந்தது. மாலில் உள்ள கடையில் மாதம் ஐயாயிரம் ரூபாய்க்குக் குறையாமல் பாடி வாஷ், லாவண்டர் லோஷன், உடம்பில் தெளித்துக்கொள்ளும் பாடி மிஸ்ட், பாத் சால்ட் என்று வாங்குவதாகச் சொன்னீர்கள். வெறும் வாசனைக்கா இத்தனை காசு என்று கணவர் கேட்கிறார். பயத்தம் மாவு போதாதா என்று கும்பகோணத்திலிருந்து அம்மா கடிந்துகொள்கிறார். இருவரில் யார் சொல்வது சரி, நான்கு வயது மகளுக்கும் இதையே தேய்த்துவிடலாமா என்பது உங்கள் கேள்வி. இந்த ஊரில் ஊதுபத்திக்கும் சோப்புக்கும் வாசனைக் கலவை செய்து கொடுக்கும் ஒரு கூடத்தில் முப்பத்தோரு ஆண்டுகள் முகர்ந்து பார்த்துத் தரம் சொல்வதையே வேலையாகச் செய்து ஓய்வுபெற்றவள் என்ற முறையில், தெரிந்ததை விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் ஊற்றியவுடன் சாக்கடைக்குப் போய்விடும் பொருளுக்கு, அதாவது சோப்பு, பாடி வாஷ், ஸ்க்ரப் போன்றவற்றுக்கு, வாசனையை முன்னிட்டு அதிக விலை கொடுப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். உடம்பிலோ உடையிலோ தங்கும் பொருளுக்கு, உங்கள் மனத்துக்கு உண்மையிலேயே பிடித்த மணமாக இருந்தால், தாராளமாகக் கொடுக்கலாம். அதை வீண் செலவு என்று நான் சொல்லமாட்டேன். ஆகவே உங்கள் கணவர் சொல்வதில் பாதியும் அம்மா சொல்வதில் பாதியும் சரி. எந்தப் பாதி என்பதற்குத்தான் கொஞ்சம் கணக்கும் கொஞ்சம் வேதியியலும் தேவைப்படுகின்றன.

கணக்கு இப்படி. 250 மில்லி பாடி வாஷில் பெரும்பகுதி தண்ணீர். அழுக்கை எடுக்கும் சரக்கு அதற்கு அடுத்த பங்கு. எங்கள் தொழிலில் காம்பவுண்ட் என்று சொல்லும் வாசனைக் கலவை பொதுவாக நூற்றுக்கு ஒரு பங்கு அளவில்தான் சேர்க்கப்படும். அப்படியானால் அந்தப் புட்டியில் இருக்கும் வாசனை ஏறத்தாழ இரண்டரை கிராம். கிலோ 10,000 ரூபாய் விலையுள்ள மிக நல்ல காம்பவுண்டையே சேர்த்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டாலும், அந்த இரண்டரை கிராமின் அடக்கம் 25 ரூபாய்தான். கிலோ 1,500 ரூபாய் விலையுள்ள சாதாரணக் கலவையாக இருந்தால் நான்கு ரூபாய்க்குள் முடிந்துவிடும். மட்டமான வாசனைக்கும் உயர்ந்த வாசனைக்கும் இடையில் தயாரிப்பாளருக்கு ஆகும் வித்தியாசம் ஒரு புட்டிக்கு இருபது ரூபாய் அளவில் இருக்கும்போது, கடையில் விலை வித்தியாசம் ஆயிரத்தைத் தாண்டுகிறதென்றால், மீதி புட்டிக்கும் மூடிக்கும் மாலின் வாடகைக்கும் விளம்பரத்துக்கும் லாபத்துக்கும் போகிறது. அவையும் செலவுதான், யாரையும் மோசடிக்காரர் என்று நான் சொல்லவில்லை. ஆனால் விலை ஏறியதால் உள்ளே இருக்கும் சரக்கும் அதே விகிதத்தில் உயர்ந்திருக்கும் என்று நீங்கள் நம்பிக்கொண்டிருந்தால், அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை.

சோப்பின் தரத்தை முகர்ந்து பார்த்துச் சொல்ல முடியாது. உறையைப் படித்துச் சொல்லலாம். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் விதிப்படி குளியல் சோப்பில் மொத்தக் கொழுப்புப் பொருள், அதாவது உறையில் டி.எஃப்.எம். என்று போட்டிருப்பது, 76 விழுக்காடும் அதற்கு மேலும் இருந்தால் முதல் தரம், 70 இருந்தால் இரண்டாம் தரம், 60 இருந்தால் மூன்றாம் தரம். அதற்கும் கீழே இருப்பவற்றைச் சோப்பு என்று அழைக்காமல் 'பாத்திங் பார்' என்று பொடி எழுத்தில் போடுவார்கள். அதற்கு 40 விழுக்காடு இருந்தால் போதும். விலையுயர்ந்த சில வாசனைக் கட்டிகளைத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கத்தில் இந்த 'பாத்திங் பார்' என்ற சொல் இருப்பதை நீங்களே காண்பீர்கள். அதே சமயம் இந்த விழுக்காட்டை மட்டும் பார்த்து முடிவு செய்வதும் சரியல்ல. கிளிசரின் நிறையச் சேர்த்துச் செய்யும் கண்ணாடி போன்ற சோப்பில் இந்த எண் குறைவாக இருந்தாலும் தோலுக்கு அது மென்மையாகவே இருக்கும்.

இந்த ஊரில் இருந்துகொண்டு சோப்பைப் பற்றி எழுதும்போது சந்தனச் சோப்பை விட்டுவிட முடியாது. முதல் உலகப் போர் மூண்டபோது மைசூர் சமஸ்தானத்துச் சந்தனக் கட்டையை ஐரோப்பாவுக்கு அனுப்ப முடியாமல் தேங்கிப்போனதால், இங்கேயே எண்ணெய் வடிக்கலாம் என்று 1916-இல் தொடங்கினார்கள். நால்வடி கிருஷ்ணராஜ உடையார் மன்னராகவும் விசுவேசுவரய்யா திவானாகவும் இருந்த காலம் அது. எஸ்.ஜி. சாஸ்திரி என்ற வேதியியலாளரை இங்கிலாந்துக்கு அனுப்பித் தொழில் கற்றுவரச் செய்து, 1918 வாக்கில் அரசு சோப்புத் தொழிற்சாலை சோப்பு போடத் தொடங்கியது. யானைத் தலையும் சிங்க உடலும் கொண்ட சரபம் இன்றும் அதன் சின்னம். 2006-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. நம் மெட்ரோவின் பச்சை வழித்தடத்தில் அந்தத் தொழிற்சாலையின் பெயரிலேயே ஒரு நிலையம் இருக்கிறது. நான் சொல்ல வருவது என்னவென்றால், உண்மையான சந்தன எண்ணெய் சேர்ந்த, முதல் தரமான சோப்பு ஒன்று நூறாண்டுகளுக்கும் மேலாக இந்த ஊரில் நடுத்தரக் குடும்பம் மாதச் சாமானோடு வாங்கக்கூடிய விலையில் கிடைத்து வருகிறது. அந்தச் சோப்பைத்தான் வாங்க வேண்டும் என்பதல்ல என் கருத்து. நல்ல சோப்பு என்றால் அதற்கு ஆகும் செலவு என்ன என்பதற்கு அதை அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்.

இனி உங்கள் வீட்டுத் தண்ணீருக்கு வருகிறேன், ஏனென்றால் உங்களுடைய மாதச் செலவில் இதற்குப் பெரிய பங்கு இருக்கிறது. பெல்லந்தூர், சர்ஜாப்பூர் சாலை, ஒயிட்ஃபீல்டு பக்கத்து அடுக்ககங்களில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரும் லாரித் தண்ணீரும்தான் பல காலமாகப் புழங்கி வந்திருக்கின்றன. 2024 கோடையில் தண்ணீர்த் தட்டுப்பாட்டில் பட்ட பாடு உங்களுக்கே தெரியும். அந்தத் தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் மிகுந்திருக்கும். சோப்பில் உள்ள கொழுப்பு அமிலம் இவற்றோடு சேர்ந்தவுடன் கரையாத வெள்ளைப் பொருளாகிவிடும். வாளியின் விளிம்பிலும் குளியலறை ஓட்டிலும் படியும் வெள்ளைப் படலம் அதுதான். அது தோலிலும் படியும், முடியிலும் படியும். நுரை வராததால் நீங்கள் இன்னும் கொஞ்சம் தேய்ப்பீர்கள். குளித்து முடித்தபின் தோல் வறவறவென்று இழுப்பதால் அதற்கு ஒரு லோஷனைத் தேடுவீர்கள். ஆக, ஒரு பொருளால் வந்த குறையைத் தீர்க்க இன்னொரு பொருள், அதற்கு மேல் இன்னொன்று என்று செலவு அடுக்காகப் போகிறது. சோப்புக்குக் காரத்தன்மை உண்டு, அதைக் காட்டும் பி.எச். அளவு ஒன்பது, பத்து என்றிருக்கும். தோலின் இயல்பான அளவோ ஐந்தை ஒட்டியது. உப்புத் தண்ணீரும் சேர்ந்துகொண்டால் வறட்சி கூடத்தான் செய்யும்.

பாடி வாஷ் இந்தத் தண்ணீரில் நன்றாக நுரைக்கிறது என்று நீங்கள் சொன்னது முற்றிலும் உண்மை. அது கொழுப்பிலிருந்து காய்ச்சிய சோப்பு அல்ல, வேறு வகைச் சலவைச் சரக்கு. கால்சியத்தோடு சேர்ந்து திரிவதில்லை. ஆகவே உங்கள் வீட்டில் சோப்பை விட்டுப் பாடி வாஷுக்கு மாறியது நியாயமான முடிவு. ஆனால் அந்த நன்மை சலவைச் சரக்கால் வருவது, வாசனையால் வருவதன்று. மருந்துக் கடையில் தோல் மருத்துவர்கள் எழுதிக் கொடுக்கும் வாசனையில்லாத திரவமும், 'சோப்பு இல்லாத கட்டி' என்று சொல்லப்படுவதும் இதே வேலையைச் செய்யும். தோல் இழுப்பது குறைந்தால் லோஷன் தேவையும் தானாகக் குறையும். கட்டியாக வரும் குளியல் சோப்புக்கு 2025 செப்டம்பரிலிருந்து ஜி.எஸ்.டி. 18-இலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்திருப்பதையும் விலையைப் பார்க்கும்போது மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது மணத்தைப் பற்றி. எலுமிச்சைத் தோலைக் கிள்ளினால் மணம் சட்டென்று மூக்கில் ஏறும். பத்து நிமிடத்தில் விரலில் ஒன்றும் இராது. வெட்டிவேரை ஒரு துணியில் கட்டிப் பீரோவில் வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும். வேறுபாடு மூலக்கூறின் எடையிலும் அது ஆவியாகும் வேகத்திலும் இருக்கிறது. எலுமிச்சை, ஆரஞ்சு, புதினா ஆகியவற்றின் மணப் பொருள்கள் இலேசானவை, உடனே பறந்துவிடும். மலர் மணங்கள் நடுத்தரம். சந்தனம், வெட்டிவேர், கஸ்தூரி சாயல் உள்ளவை கனமானவை. மெதுவாக எழுந்து நெடுநேரம் நிற்கும். கலவை செய்பவர் இம்மூன்றையும் அடுக்கித்தான் ஒரு மணத்தை உருவாக்குகிறார். கடையில் மூடியைத் திறந்து முகரும்போது உங்களைச் சொக்கவைப்பது முதல் அடுக்கு மட்டும். விற்பவருக்கு அது தெரியும், ஆகவே அந்த அடுக்கில்தான் கைவேலை அதிகம் இருக்கும்.

வெந்நீரில் குளிக்கும்போது இந்த முதல் அடுக்கு முழுவதும் ஆவியோடு எழுந்து குளியலறை நிறையப் பரவுகிறது. அறை மணக்கிறது என்றால், அந்த மணம் உங்கள் தோலை விட்டுப் போய்விட்டது என்று பொருள். மிச்சத்தை நுரையே கழுவிக்கொண்டு போய்விடும். எண்ணெய்ப் பசையை எடுப்பதுதானே நுரையின் வேலை, வாசனையும் எண்ணெய்தான். உயர்ந்த பாடி வாஷ் போட்டுக் குளித்துவிட்டு ஆபீஸ் பேருந்தில் ஏறி வெளிவட்டச் சாலையைத் தொடும் முன்பே ஒன்றும் தெரிவதில்லை என்று நீங்கள் குறைப்பட்டுக்கொண்டது இதனால்தான். அதோடு மூக்கு ஒரே மணத்துக்கு விரைவில் பழகிவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உடம்பில் கொஞ்சம் மிச்சமிருந்தாலும் உங்களுக்குத் தெரியாது, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியும். வாசனை போதவில்லை என்று மேலும் மேலும் கனத்த மணத்தைத் தேடிப் போகிறவர்கள் பலர் இந்தப் பழக்கத்தால் ஏமாறுகிறவர்கள்தான்.

இருந்தாலும், குளிக்கும் அந்தப் பத்து நிமிடத்துக்கு மதிப்பே இல்லையா என்று நீங்கள் கேட்டால், இருக்கிறது என்றே சொல்வேன். முகரும் நரம்பு மூளையில் உணர்ச்சியும் நினைவும் குடியிருக்கும் பகுதிகளோடு மற்றப் புலன்களைக் காட்டிலும் நெருக்கமான தொடர்புடையது. எண்ணெய் தேய்த்துக் குளித்த தலையில் என் அம்மா காட்டிய சாம்பிராணிப் புகை இன்று எங்கிருந்தாவது காற்றில் வந்தால், ஐம்பது ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு வெள்ளிக்கிழமை அப்படியே திரும்பி வருகிறது. நாள் முழுவதும் திரையைப் பார்த்து வேலை செய்துவிட்டு வருகிற ஒரு பெண்ணுக்கு, கதவைத் தாழிட்டுக்கொண்டு தனக்குப் பிடித்த மணத்தில் பத்து நிமிடம் இருப்பது பெரிய ஆறுதல். அதைச் சில்லறைச் சுகம் என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. ஆனால் அந்தச் சுகத்துக்கு 1,800 ரூபாய்ப் புட்டி வேண்டியதில்லை. நல்ல மணமுள்ள 100, 150 ரூபாய்ச் சோப்பே ஆவியில் அந்த வேலையை நன்றாகச் செய்யும்.

தங்கும் பொருள்களில் கணக்கு வேறு. லோஷனில் வாசனை பொதுவாக அரை விழுக்காட்டைத் தாண்டாது. பாடி மிஸ்ட்டில் ஒன்று முதல் மூன்று விழுக்காடு இருக்கலாம். பர்ஃப்யூம் வகைகளில் ஓ தெ துவாலெத் என்று போட்டிருப்பதில் 5 முதல் 15. ஓ தெ பர்ஃபம் என்பதில் 15 முதல் 20. மூன்று விழுக்காடு உள்ள 200 மில்லி மிஸ்ட் புட்டியில் ஆறு கிராம் வாசனை. பதினைந்து விழுக்காடு உள்ள 50 மில்லி பர்ஃப்யூம் புட்டியில் ஏழரை கிராம். கையில் கனமாக இருக்கும் பெரிய புட்டியைவிடச் சிறிய புட்டியில்தான் சரக்கு அதிகம். மிஸ்ட்டைப் பத்துத் தடவை அடித்தாலும் இரண்டு மணி நேரத்தில் மறைந்துபோகும். மற்றதை இரண்டு தடவை அடித்தால் மாலை வரை இருக்கும். ஆண்டுக்கு நீங்கள் வாங்கும் ஏழெட்டு மிஸ்ட் புட்டிகளின் விலையில் மிக நல்ல ஒரு பர்ஃப்யூம் வாங்கலாம். அது ஓராண்டுக்குப் போதும். என் பரிந்துரை அதுதான்.

அத்தர் பிடிக்குமானால் சிவாஜிநகரில் கேட்டுப் பார்க்கலாம். உத்தரப் பிரதேசத்துக் கன்னோஜில் செம்பு அண்டாவில் பூவையும் தண்ணீரையும் இட்டு வடித்து, அந்த ஆவியைச் சந்தன எண்ணெயில் வாங்கிச் செய்வதுதான் மரபான அத்தர். இன்று மலிவாகக் கிடைப்பவற்றில் சந்தன எண்ணெய்க்குப் பதிலாக மணமற்ற வேறு திரவங்களே பெரும்பாலும் அடியில் இருக்கும். அசலா என்று கண்டுபிடிக்க ஒரு எளிய கணக்கு உண்டு. நல்ல சந்தன எண்ணெய் கிலோ ஒரு லட்சம் ரூபாய்க்கும் மேலே போகிறது. ஒரு லட்சம் என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும் பத்து மில்லியின் அடக்கம் ஆயிரம் ரூபாயை நெருங்கும். பத்து மில்லி சுத்தச் சந்தன எண்ணெயை 300 ரூபாய்க்கு ஒருவர் கொடுத்தால் அது சந்தன எண்ணெய் அல்ல. மல்லிகைக்கும் இதே கணக்குதான். ஒரு கிலோ மல்லிகைச் சாறு எடுக்க ஏறக்குறைய ஒரு டன் பூ வேண்டும். பூவைக் கிலோ 300 ரூபாய்க்கு வாங்கினாலும் பூவுக்கே மூன்று லட்சம் ஆகிவிடும். 400 ரூபாய் லோஷனின் மேல் மல்லிகைப் படம் அச்சிட்டிருந்தால் படத்தைப் படமாகவே பாருங்கள்.

இதைச் சொன்னவுடன், அப்படியானால் செயற்கை வாசனை கெட்டது, இயற்கைதான் நல்லது என்ற முடிவுக்குப் போய்விடாதீர்கள். வெனிலா மணத்தின் மூலப் பொருளான வெனிலின் 1874-இலேயே ஆய்வுக்கூடத்தில் செய்யப்பட்டுவிட்டது. 1893-இல் கண்டறியப்பட்ட அயனோன் என்ற பொருள்தான் உலகம் முழுவதும் வயலட் பூ மணத்தைச் சாதாரண மக்களின் கைக்குக் கொண்டுவந்தது. அதைச் செய்யத் தேவைப்பட்ட சிட்ரால் கேரளத்து எலுமிச்சைப் புல் எண்ணெயிலிருந்து கிடைத்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் நிறையும். ஆய்வுக்கூடத்தில் பிறந்த பொருளுக்கும் நம் வயலுக்கும் இடையில் அப்படிப்பட்ட உறவுகள் நிறைய உண்டு. கே.ஆர். மார்க்கெட்டில் கனகாம்பரத்தோடு சேர்த்துக் கட்டி விற்கும் மரிக்கொழுந்து இருக்கிறதே, கர்நாடகத்திலும் ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்திலும் விளையும் அதன் எண்ணெய் வெளிநாட்டு பர்ஃப்யூம்களுக்குப் போகிறது. அங்கே அதைத் தவனம் என்ற பெயரால் அறிவார்கள். நீங்கள் ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கும் ஏதோ ஒரு புட்டியின் ஓரத்தில் நம் பூக்காரம்மா முழம் போட்டு விற்கும் அதே இலையின் மணம் இருக்கலாம்.

இயற்கை என்பதால் தோலுக்குத் தீங்கு வராது என்ற எண்ணத்தை நான் என் கழுத்தில் பட்டுத் தெரிந்துகொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன் பாதி தீர்ந்து அலமாரியில் கிடந்த சுத்தமான லாவண்டர் எண்ணெயைத் தலைவலிக்காகக் கழுத்தில் தடவி வந்தேன். பத்து நாளில் சிவந்து, நமைச்சலெடுத்து, நீர் கோத்துவிட்டது. தோல் மருத்துவர் முதுகில் ஒட்டுச் சோதனை செய்துவிட்டுச் சொன்ன காரணம் இது: லாவண்டரில் உள்ள லினலூல், திறந்த புட்டியில் காற்றுப் பட்டு மெல்ல மெல்ல மாறிப் புதிய பொருள்களாகிறது, ஒவ்வாமை தருவது அந்த மாறிய பொருள்கள்தான். எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல் எண்ணெய்களில் உள்ள லிமோனீனும் அப்படியே. தொழிலிலேயே இருந்த எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும். பழைய புட்டி என்று தோன்றவே இல்லை. ஒருமுறை அப்படி வந்துவிட்டால் பிறகு வாழ்நாள் முழுவதும் அந்தப் பொருளை ஒதுக்கித்தான் ஆக வேண்டும்.

ஐரோப்பாவில் இத்தகைய 26 பொருள்களைக் குறிப்பிட்ட அளவுக்கு மேல் இருந்தால் தனித்தனியாகப் பெயர் சொல்லி அச்சிட வேண்டும் என்று விதி இருந்தது. 2023-இல் அந்தப் பட்டியலை எண்பதை ஒட்டி விரித்துவிட்டார்கள். இங்கே பெரும்பாலும் 'பர்ஃப்யூம்' என்ற ஒரே சொல்லுக்குள் அத்தனையும் அடங்கிவிடுகிறது. வெளிநாட்டிலும் விற்கும் பொருளாக இருந்தால் லினலூல், லிமோனீன், ஜெரானியால், சிட்ரோனெல்லால், யூஜெனால் என்ற பெயர்களை உறையில் காணலாம். அவற்றைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. பெரும்பாலோருக்கு ஒன்றும் செய்யாது. ஏற்கெனவே கரப்பான் என்னும் தோல் அழற்சி உள்ளவர்களும் தோல் வறண்டு வெடிப்பவர்களும் மட்டும் தள்ளி நிற்க வேண்டும். புதிதாக எந்த லோஷனை வாங்கினாலும் முழங்கையின் உட்புறத்தில் ஒரு ரூபாய் நாணய அளவு இடத்தில், காலையும் மாலையும் ஒரு வாரம் தடவிப் பாருங்கள். ஒன்றும் வராவிட்டால் உடம்பில் போடலாம்.

அம்மா சொல்லும் மாவுக்கும் இதே கவனம் வேண்டும். பச்சைப்பயறு, பூலாங்கிழங்கு, கஸ்தூரி மஞ்சள், வெட்டிவேர், ஆவாரம்பூ, ரோஜா இதழ் சேர்த்து அரைத்த நலங்கு மாவின் மணத்துக்கு ஈடான பாடி வாஷை நான் முகர்ந்ததில்லை. அது நேர்மையான மணம். உப்புத் தண்ணீரிலும் அது திரியாது. ஆனால் அதில் பலர் சேர்க்கும் கார்போக அரிசியில் சோரலன் என்ற பொருள் இருக்கிறது. தோலில் பட்டபின் வெயிலில் போனால் தோலைக் கருக்கவும் புண்ணாக்கவும் வல்லது. வெண்புள்ளிச் சிகிச்சையில் அது பயன்படுவதே இந்தக் குணத்தால்தான். வெளியே போகும் நாளில் அதைச் சேர்க்காத மாவே நல்லது. அதே விதையிலிருந்து பிரித்தெடுக்கும் பகுச்சியால் என்ற வேறொரு பொருளைத்தான் இன்று சிறு சொட்டுப் புட்டியில் அடைத்துப் பெரிய விலைக்கு விற்கிறார்கள் என்பதை அம்மாவிடம் சொல்லுங்கள், மகிழ்வார்.

பாத் சால்ட்டையும் பாத் பாமையும் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. தொட்டி நிறையத் தண்ணீரில் கிடப்பவர்களுக்காகச் செய்தவை அவை. பாம் என்பது சமையல் சோடாவும் சிட்ரிக் அமிலமும் சேர்ந்து பொங்குவது. வாளியில் மொண்டு ஊற்றிக் குளிக்கும் வீட்டில், அதுவும் தண்ணீருக்கு லாரியை எதிர்பார்த்திருந்த ஊரில், அவற்றுக்கு இடமில்லை. கால் வலித்தால் வெந்நீரில் கல்லுப்பு போதும்.

வாங்கும்போது செய்ய வேண்டியவை சில. ஒரே நாளில் மூன்று மணங்களுக்கு மேல் முகராதீர்கள்; நான்காவதிலிருந்து மூக்கு சொல்வது நம்பத் தக்கதன்று. இடையில் காப்பிக் கொட்டையை நீட்டுவார்கள். அதைவிட உங்கள் புடவைத் தலைப்பையோ சட்டைக் கையையோ முகர்ந்துகொள்வதே போதும். எங்கள் கூடத்தில் நாங்கள் அப்படித்தான் செய்வோம். காகிதப் பட்டையில் முகர்ந்து பிடித்ததை மட்டும் மணிக்கட்டில் ஒரு தடவை அடித்துக்கொண்டு, தேய்க்காமல், கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். காப்பி குடித்து, காய்கறி வாங்கி, வீட்டுக்குப் போய் இரவு படுக்கும் முன் மணிக்கட்டை முகர்ந்து பாருங்கள். நீங்கள் விலை கொடுக்கப் போவது அந்த மணத்துக்கு. மறுநாளும் பிடித்திருந்தால் வாங்குங்கள். உறையில் ஒரு கிராமுக்கு அல்லது ஒரு மில்லிக்கு என்ன விலை என்று இப்போது அச்சிடுகிறார்கள். 'மூன்று வாங்கினால் ஒன்று இலவசம்' என்ற பலகையைப் பார்ப்பதற்கு முன் அந்த எண்ணைப் பாருங்கள். வாங்கியதைக் குளியலறையில் வைக்க வேண்டாம். சூடும் ஈரமும் வெளிச்சமும் மணத்தைக் கெடுக்கும், பீரோவுக்குள் இருக்கட்டும்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் மாதச் செலவை இப்படி மாற்றுவேன். குளிக்க மருந்துக் கடை வாசனையில்லாத திரவம் ஒன்று. வெள்ளிக்கிழமைக்கு மணமுள்ள நல்ல சோப்பு ஒன்று. ஈரம் முழுவதும் உலர்வதற்கு முன் தடவ வாசனையில்லாத லோஷன். அது கிளிசரினும் பெட்ரோலியம் ஜெல்லியும் கலந்த எளிய வகையாக இருந்தால் போதும். இவை எல்லாம் சேர்ந்து ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கிவிடும். அந்த லோஷன் தடவிய தோலின்மேல் பர்ஃப்யூமோ ஒரு சொட்டு அத்தரோ வைத்தால் வறண்ட தோலில் நிற்பதைவிட நீண்ட நேரம் நிற்கும். மீதமாகும் நாலாயிரத்தை மூன்று மாதம் சேர்த்தால், மூன்றாவது மாதத்தில் உங்களுக்கு உண்மையாகவே பிடித்த ஒன்றை யாருக்கும் கணக்குச் சொல்லாமல் வாங்கலாம். கணவரும் அதன் மணத்தை மாலை வரை உணர்வார்; பிறகு கேள்வி கேட்கமாட்டார் என்று நினைக்கிறேன்.

மகளைப் பற்றி உறுதியாகச் சொல்கிறேன்: அவளுக்கு வாசனைப் பொருள் எதுவும் வேண்டாம். குழந்தையின் தோல் பெரியவர்களின் தோலைவிட மெல்லியது. சிறு வயதிலேயே ஒரு வாசனைக்கு ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு நெடுங்காலம் அவள்தான் அவதிப்பட வேண்டும். வாசனையில்லாத திரவம், அல்லது சல்லடையில் சலித்த பச்சைப்பயறு மாவு வாரத்தில் இரண்டு நாள், குளித்தபின் கொஞ்சம் தேங்காய் எண்ணெய். மணக்க வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டால் தலையில் ஒரு முழம் மல்லிகையும் இரண்டு கொத்து மரிக்கொழுந்தும் வைத்துவிடுங்கள். திறந்து எட்டு மாதமாகிறது என்று நீங்கள் சொன்ன அந்த லாவண்டர் லோஷனை மட்டும் நீங்களும் இனித் தடவ வேண்டாம், அவள் கைக்கு எட்டும் இடத்திலும் வைக்க வேண்டாம்.